பறக்கும் ரயில் ஸ்டேஷனை நம்பி வேளச்சேரி பக்கம் வீடு எடுக்கலாமா?

கேள்வி இது: "எனக்குத் தரமணியில் வேலை. மனைவிக்குச் சேப்பாக்கத்தில் அரசு அலுவலகம். வேளச்சேரி, பெருங்குடி பக்கம் பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டி வீடு தேடுகிறோம். ஸ்டேஷனைப் பார்த்தால் அரண்மனை மாதிரி இருக்கிறது, உள்ளே போனால் ஆளே இல்லை. சுற்றிலும் இவ்வளவு அபார்ட்மென்ட் வந்தும் ஏன் இப்படி? இதை நம்பி வீடு எடுக்கலாமா?"

எடுக்கலாம். ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரைப் பார்த்து எடுக்காதீர்கள். அந்த வீட்டு வாசலிலிருந்து பிளாட்பாரம் வரைக்கும் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு எடுங்கள். இந்தத் தடத்தின் சிக்கலில் பெரும்பகுதி தண்டவாளத்தில் இல்லை. ஸ்டேஷனின் கடைசிப் படிக்கும் நீங்கள் போக வேண்டிய தெருவுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்று தெரிந்துகொண்டால், எந்தத் தெருவில் வீடு பார்க்கலாம், எந்தத் தெருவை விட்டுவிடலாம் என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

சென்னைக் கடற்கரை ஸ்டேஷனில் புறப்பட்டுத் தூண்கள் மேல் ஓடும் இந்தத் தடம் ஒரே மூச்சில் கட்டியது இல்லை. 1995-இல் சேப்பாக்கம் வரைக்கும் ஓடியது. 1997-இல் திருமயிலைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஆறு வருடத்துக்கு மேல் அங்கேயே நின்றுவிட்டு, 2004-இல் திருவான்மியூர், 2007 நவம்பரில் வேளச்சேரி. மொத்தம் ஏறக்குறைய 19 கிலோமீட்டர். நடுவில் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் நிலையம் மட்டும் பிறகு, 2014-இல் திறந்தது.

நகரத்துக்கு நடுவே புதிதாக ரயில் தடம் போட வேண்டுமென்றால் முதல் தலைவலி நிலம். வீடுகளை இடிக்க வேண்டும், இழப்பீடு கொடுக்க வேண்டும், கோர்ட்டுக்குப் போக வேண்டும். அதையெல்லாம் தவிர்க்க, கையில் இருந்த ஒரு நீளமான அரசு நிலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதுதான் பக்கிங்காம் கால்வாய். தடத்தின் பெரும் நீளத்துக்குத் தூண்கள் கால்வாயிலும் அதன் கரையிலும்தான் நிற்கின்றன. இதனால் கால்வாயின் அகலம் குறைந்து நீரோட்டம் கெட்டுப்போனது தனிக்கதை. அந்தக் குற்றச்சாட்டு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். உங்கள் கேள்விக்குத் தொடர்பானது இன்னொரு விளைவு: கால்வாய் எப்போதுமே ஊரின் முதுகுப்பக்கம். கடைத்தெரு, கோயில், பஸ் ஸ்டாப் எல்லாம் முன்பக்கம் இருக்கும், கால்வாய் கொல்லைப்புறத்தில் ஓடும். ரயிலைக் கால்வாய் மேல் கொண்டுபோனதால் ஸ்டேஷன்களும் கொல்லைப்புறத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. ஜனங்கள் இருந்த இடத்துக்கு ரயில் போகவில்லை, நிலம் கிடைத்த இடத்துக்குப் போனது.

மாம்பலத்தை நினைத்துப் பாருங்கள். ரங்கநாதன் தெரு நேராக ஸ்டேஷன் வாசலில் வந்து முட்டுகிறது. ரயிலை விட்டு இறங்கினால் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நாலு எட்டு வைத்தால் உஸ்மான் சாலை. தெருவும் ஸ்டேஷனும் பல தலைமுறையாக ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தவை. அவ்வளவு நெருக்கம் இருந்தும் தி.நகர் பேருந்து நிலையத்துக்குப் போகிறவர்கள் கூட்டத்தில் சிக்கித் திணறுகிறார்கள் என்று 2023-இல் 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை கட்டி இரண்டையும் இணைத்தார்கள். அந்த 570 மீட்டரை மனதில் வைத்துக்கொண்டு வேளச்சேரிக்கு வாருங்கள். இங்கே ரயில் நிலையம் ஒரு பக்கம், விஜயநகர் பேருந்து நிலையம் ஒரு பக்கம். நடந்தால் பத்து நிமிஷம். தூரம் பெரிதில்லைதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷமும் பஸ், லாரி, ஷேர் ஆட்டோ, தப்பான திசையில் வரும் பைக் எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொண்டு சாலையோரத்தில் நடக்க வேண்டும். மடிப்பாக்கத்திலிருந்தோ மேடவாக்கத்திலிருந்தோ பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவர், கையில் பையோடு இதை நடந்து முடித்து, அப்புறம் படியும் ஏற வேண்டும். அதற்குப் பதிலாக அதே பஸ்ஸிலேயே உட்கார்ந்து கிண்டிக்குப் போய்விடலாம் என்று அவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

படி என்றதும் உயரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாலையிலிருந்து பிளாட்பாரம் ஏறத்தாழ மூன்று மாடி உயரம் என்று வையுங்கள், சுமாராக 12 மீட்டர். ஒரு படி 15 செ.மீ. என்றால் 80 படி. எஸ்கலேட்டரும் லிஃப்டும் ஓடுகிற அன்றைக்கு இது ஒன்றுமே இல்லை. ஓடாத அன்றைக்கு முழங்கால் வலியுள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தையைத் தூக்கி வருகிறவர்கள் ரயிலைப் பார்த்தே பயப்படுவார்கள். தரைமட்டத்தில் இருக்கும் தாம்பரம் தடத்து ஸ்டேஷன்களில் லிஃப்ட் நின்றால் அது ஓர் அசௌகரியம். மேலே தூக்கிக் கட்டிய ஸ்டேஷனில் லிஃப்ட் நின்றால் பயணிகளில் ஒரு பகுதிக்கு ரயிலே நின்ற மாதிரி. அதனால்தான் உயர்த்திக் கட்டுகிற நிலையங்களில் மற்ற எதையும்விடப் பராமரிப்புக்குத்தான் முதல் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் எப்போதும் வாதாடுவேன். கட்டுவதற்குக் கிடைக்கிற பணம் பராமரிக்கக் கிடைப்பதில்லை.

இனி அந்த அரண்மனை விஷயம். ஸ்டேஷன்களை இவ்வளவு பெரிதாகக் கட்டியதற்கு ஒரு கணக்கு இருந்தது. டிக்கெட் வருமானத்தில் மட்டும் இப்படிப்பட்ட தடம் பிழைக்காது. எனவே ஸ்டேஷன் கட்டடத்திலேயே கடை, அலுவலகம், வங்கி என்று வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தையும் சேர்க்கலாம் என்று திட்டமிட்டார்கள். தரைத்தளத்தில் அந்தப் பரந்த கூடமும், மேலே பூட்டிக் கிடக்கும் தளங்களும் அந்தக் கணக்கில் வந்தவைதான். கணக்கு தப்பு என்று சொல்ல மாட்டேன். நவி மும்பையில் இதே யோசனை நடந்து காட்டியிருக்கிறது. 1992-இல் வாஷிக்கு ரயில் வந்தபோது ஸ்டேஷன் மேலேயே அலுவலக வளாகம் கட்டினார்கள், அது நிறைந்தது. செலவைப் பிரித்துக்கொண்ட விதம்கூட ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே நவி மும்பையை உருவாக்கிய மகாராஷ்டிர அரசின் சிட்கோ நிறுவனம் மூன்றில் இரண்டு பங்கு, ரயில்வே ஒரு பங்கு. இங்கே திருமயிலைக்குத் தெற்கே கட்டிய இரண்டாம் கட்டத்தில் தமிழக அரசு இரண்டு பங்கு, ரயில்வே ஒரு பங்கு.

அப்படியிருந்தும் அங்கே பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? வாஷியில் நிலம், சாலை, பேருந்து நிலையம், குடியிருப்பு, ஸ்டேஷன் எல்லாவற்றையும் வரைந்தது ஒரே கை. ஸ்டேஷனைச் சுற்றித்தான் அந்தப் பேட்டையையே அமைத்தார்கள். இங்கே பணம் போட்டதில் பெரும்பங்கு மாநில அரசு, கட்டியதும் ஓட்டுவதும் ரயில்வே. வாசலில் இருக்கும் சாலை ஓர் இடத்தில் நெடுஞ்சாலைத் துறையினுடையது, ஓர் இடத்தில் உள்ளாட்சியினுடையது. பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தினுடையது. அதிலும் வேளச்சேரிக்கு ரயில் வந்த 2007-இல் பெருங்குடி தனிப் பேரூராட்சி, உள்ளகரம்–புழுதிவாக்கம் தனி நகராட்சி. 2011-இல்தான் இவை சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அந்த ஆண்டு மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெரிதானது. அதற்குள் மனைகள் போட்டு, வீடுகள் எழும்பி, குறுக்குத் தெருக்களெல்லாம் அவரவர் இஷ்டப்படி முடிந்துவிட்டன. ஸ்டேஷனை நோக்கி நேராக ஒரு தெரு வேண்டும் என்று யோசிக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போனது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கடைக்காரர் வாடகைக்கு வர மாட்டார். கடை இல்லாத இடத்தில் வெளிச்சமும் நடமாட்டமும் இருக்காது. அப்படி இருட்டாகக் கிடக்கிற கூடத்துக்குள் ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு பெண் தனியாக நுழையத் தயங்குவார், பயணி இன்னும் குறைவார். வருடக்கணக்கில் இந்தச் சுழல்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பெருங்குடி ஸ்டேஷனைப் பற்றி உங்களுக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயரை நம்பி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) இருக்கும் பெருங்குடி வேறு, இந்த ஸ்டேஷன் இருக்கும் இடம் வேறு. ஸ்டேஷன் தரமணி–வேளச்சேரி இணைப்புச் சாலைப் பக்கம் இருக்கிறது. ஓ.எம்.ஆர். பெருங்குடியில் வீடு எடுத்துவிட்டு "ஸ்டேஷன் பக்கம்தானே" என்று நினைத்தால் தினமும் ஆட்டோ வைக்க வேண்டி வரும். இதில் இன்னொன்று, தரைமட்டம். இந்தப் பகுதி முழுக்கப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பு. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த அதே சதுப்பு நிலம்தான். மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதை இங்கே தெருவாரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு முன்பே வேளச்சேரிவாசிகள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். மேலே தண்டவாளம் காய்ந்தே இருக்கும். ஆனால் அதில் ஏற நீங்கள் ஸ்டேஷன் வாசலுக்கு முழங்கால் தண்ணீரில் போக வேண்டியிருந்தால் அந்த உயரத்தால் என்ன பயன்? வீடு பார்க்கப் போகும்போது தரகரிடம் கேட்காதீர்கள். பக்கத்து இஸ்திரி வண்டிக்காரரிடமோ காவலாளியிடமோ, "2015-லும் 2023-லும் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். சுவரில் கையை வைத்தே காட்டுவார்கள்.

இப்போது உங்கள் இருவர் கணக்குக்கு வருகிறேன்.

உங்கள் மனைவிக்கு இந்தத் தடம் மிக நல்லது. வேளச்சேரியிலிருந்து சேப்பாக்கம் அரை மணி அளவில் போய்விடலாம், வழியில் மாற வேண்டியதில்லை. அவர் அலுவலகம் எழிலகம் அரசு வளாகத்தில் என்றால் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. வேளச்சேரிதான் புறப்படும் இடமாக இருக்கும் சர்வீஸில் உட்கார இடம் கிடைக்கும். இதே தூரத்தைச் சாலை வழியாகக் காலை ஒன்பது மணிக்குக் கடந்து பார்த்தவர்களுக்கு அந்த அரை மணியின் அருமை தெரியும். 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து 2024 அக்டோபர் வரைக்கும், கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதை வேலைக்காக இந்த ரயில்களைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். கடற்கரைக்கும் கோட்டைக்கும் போகிறவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பலர் பைக்குக்கு மாறியது அந்தச் சமயத்தில்தான். அப்போதும் சேப்பாக்கம் வரை சேவை இருந்தது என்பதால், உங்கள் வீட்டு நிலையில் அது பாதித்திருக்காது.

உங்களுக்குத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. வேளச்சேரியிலிருந்து தரமணி இரண்டாவது ஸ்டேஷன். ஓட்டம் சில நிமிஷம்தான். ஆனால் இந்தத் தடத்தில் மெட்ரோ மாதிரி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி கிடையாது. இருபது நிமிஷத்துக்கு ஒன்று என்றால், நேரம் பார்க்காமல் போகிறவர் சராசரியாகப் பத்து நிமிஷம் காத்திருப்பார். வீட்டிலிருந்து நடை பத்து, படி ஏற மூன்று, காத்திருப்பு பத்து, பயணம் ஐந்தாறு, இறங்க மூன்று, அங்கிருந்து ஆபீஸ் இன்னொரு பத்து. ஏறக்குறைய முக்கால் மணி ஆகிவிட்டது. ஷேர் ஆட்டோவோ சைக்கிளோ இதைவிடச் சீக்கிரம் கொண்டுபோய் விடும். குறுகிய பயணத்தில் ரயில் தோற்பதும் நீண்ட பயணத்தில் ஜெயிப்பதும் இதனால்தான்: நடையும் படியும் காத்திருப்பும் தூரம் எதுவானாலும் மாறுவதில்லை. எனவே நேர அட்டவணையைப் பார்த்து வண்டிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போய் நிற்கிற பழக்கம் இருந்தால் மட்டும் உங்களுக்கு இது சரிப்படும். இன்னொன்றும் கவனியுங்கள். "தரமணி" என்று ஆபீஸ் முகவரியில் இருந்தாலும், டைடல் பார்க் ஓரம் என்றால் நீங்கள் இறங்க வேண்டியது திருவான்மியூர் ஸ்டேஷன், தரமணி இல்லை. அந்த ஒரு ஸ்டேஷன் வித்தியாசத்தில் நடை மொத்தமும் மாறிவிடும்.

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து ரூபாயில் தொடங்குகிறது, சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் குறைவு. மெட்ரோவில் பத்தில் தொடங்கி ஐம்பது வரை போகிறது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், கடைச் சிப்பந்திகள், கல்லூரிப் பிள்ளைகள் இந்த ரயிலில் போகிறார்கள் என்றால் இந்தக் கட்டணத்தால்தான். இந்தத் தடத்தை மெட்ரோ நிர்வாகத்தோடு சேர்ப்பது பற்றிப் பல வருடமாகப் பேச்சு நடக்கிறது. சேர்ந்தால் விளக்கும் லிஃப்டும் ஒழுங்காகும், வண்டிகள் கூடும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். நானும் அதை வரவேற்கிறேன். ஆனால் கட்டணம் மெட்ரோ அளவுக்கு ஏறினால் இந்தத் தடத்தை உண்மையில் பயன்படுத்துகிறவர்களில் கணிசமானோர் ஏற மாட்டார்கள். கட்டடம் பளபளவென்று ஆகி, அவர்கள் மட்டும் பஸ் ஸ்டாப்பில் நிற்பது சீர்திருத்தம் ஆகாது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் 'சென்னை ஒன்' 2025 செப்டம்பரில் வந்தது. ஒரே டிக்கெட் நல்ல தொடக்கம்தான். ஆனால் டிக்கெட் ஒன்றானாலும் நடுவில் இருக்கும் சாலையைக் காலால்தான் கடக்க வேண்டும்.

வேளச்சேரிக்கு மேற்கே புழுதிவாக்கம், ஆதம்பாக்கம் வழியாகப் பரங்கிமலைக்குப் போகும் 5 கிலோமீட்டர் நீட்டிப்பை மனதில் வைத்து விலை சொல்லுவார்கள். அந்த வேலை 2008-இல் தொடங்கி, ஆதம்பாக்கம் பக்கம் வெறும் அரை கிலோமீட்டர் நிலத்துக்காகப் பத்தாண்டுக்கு மேல் முடங்கிக் கிடந்தது. கால்வாய்க்கரையை விட்டுக் குடியிருப்புக்குள் நுழைந்ததும் என்ன ஆகும் என்பதற்கு அந்த அரை கிலோமீட்டரே சாட்சி. ஆனால் அந்தத் துண்டின் மதிப்பு அதன் நீளத்தைவிட மிகப் பெரியது. பரங்கிமலையில் தாம்பரம்–கடற்கரை புறநகர் ரயிலும் மெட்ரோவும் இருக்கின்றன. குரோம்பேட்டையிலிருந்து தரமணிக்கோ திருவான்மியூருக்கோ வருகிறவர் பூங்கா ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டியதில்லை, பரங்கிமலையில் மாறிக்கொள்ளலாம். வேளச்சேரி தடத்தின் வால் என்ற நிலை மாறி, நடு ஸ்டேஷன் ஆகிறது. எதிர்த்திசைக் கூட்டம் இல்லாமல் காலியாகத் திரும்பிய வண்டிகள் இரண்டு பக்கமும் நிறையும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் ஐந்தாம் தடமும் ஆதம்பாக்கம், புழுதிவாக்கம், மடிப்பாக்கம், மேடவாக்கம் என்று இதே தெற்குப் புறநகரைத்தான் தொடுகிறது. பத்து வருடத்துக்கு முன் ஷேர் ஆட்டோவை மட்டும் நம்பியிருந்த பகுதிக்கு இது பெரிய விஷயம்.

ஸ்டேஷன் வாசலில் பாக்கி நிற்கும் வேலையை மட்டும் இந்தப் புதிய தடங்கள் தானாகச் செய்துவிடாது. மேல்தளத்திலிருந்தே எதிர்ப்பக்கச் சாலைக்கு இறங்கும் பாலம், ஸ்டேஷன் வாசலுக்கே வந்து திரும்பும் மினி பஸ், தெருவிளக்கு, தடையில்லாத நடைபாதை, ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கும் நான்கு டீக்கடை இருந்தாலே இந்தக் காலிக் கூடங்கள் மாறிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதற்கெல்லாம் தூண் கட்டும் செலவில் சிறு பங்குகூட ஆகாது. நீங்கள் குடிவந்த பிறகு வார்டு கவுன்சிலரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் கேளுங்கள். ஸ்டேஷன் உள்ளே இருப்பது ரயில்வேயின் பொறுப்பு, ஆனால் வெளியே இருக்கும் நடைபாதையும் விளக்கும் மாநகராட்சியிடம் கேட்கக்கூடியவை. குடியிருப்போர் சங்கம் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

வீடு பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் சில. முதலில் பார்த்த அன்றைக்கே முடிவு செய்யாதீர்கள். வேலைநாளில் சாயங்காலம் ஏழரை மணிக்கு உங்கள் மனைவியும் நீங்களும் ஸ்டேஷனிலிருந்து அந்த வீட்டுக்கு நடந்து பாருங்கள். எந்த வாசல் ராத்திரி பூட்டியிருக்கும் என்று கவுன்டரில் கேளுங்கள். கிட்டத்து வாசல் பூட்டியிருந்தால் ஐந்து நிமிஷ நடை பதினைந்து ஆகும். வீடு தடத்தை ஒட்டியே இருந்தால் மாடியைப் பாருங்கள்: மூன்றாம், நான்காம் மாடி ஏறக்குறைய தண்டவாள மட்டத்தில் வரும், சத்தம் நேராக ஜன்னலுக்குள் வரும். தரைத்தளத்தில் சத்தம் குறைவு, ஆனால் தண்ணீர்க் கவலை அங்கேதான். வளைவுக்குப் பக்கத்திலும் பிளாட்பாரத்தின் முனைக்குப் பக்கத்திலும் சக்கரச் சத்தமும் பிரேக் சத்தமும் அதிகம். படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைத்து இரண்டு வண்டி போகும்வரை உள்ளே நில்லுங்கள்.

என்னைக் கேட்டால், விஜயநகருக்கும் ரயில் நிலையத்துக்கும் இடைப்பட்ட, 2015-இலும் 2023-இலும் தண்ணீர் ஏறாத தெருவாகப் பார்த்து முதலில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுங்கள். ஓர் ஐப்பசி–கார்த்திகை மழையை அங்கே இருந்து பார்த்துவிட்டு, மனைவிக்கு அந்த ரயில் ஒத்துவந்தால், அப்புறம் வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.